கண் அளந்த ஒளி

விண்மீன் ஒன்று வெடிக்கும்போது அதன் ஒளி சில நாட்களில் பன்மடங்கு பெருகிப் பின்னர் மெல்லக் குறைகின்றது. இதனைச் சூப்பர்நோவா என்கிறோம். அவ்வொளியைச் சிறு தொலைநோக்கி கொண்டு கண்ணாலேயே மதிப்பிட இயலுமா? இயலும் என்பதற்கு வரலாறே சான்று.

விண்மீன்களை ஆறு தரங்களாகப் பகுத்தவர்கள் பண்டைக் கிரேக்கர்கள். முதல் தரம் ஆறாம் தரத்தினும் 100 மடங்கு ஒளியுடையது எனக் கொண்டு, தரத்திற்குத் தரம் ஏறத்தாழ 2.512 மடங்கு என 1856இல் வகுத்தவர் நார்மன் பாக்சன். அவரே 1861இல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அங்குப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், தென்வானத்து ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் கண்டறிந்தார்.

முறை எளியது. தரம் தெரிந்த இரு விண்மீன்களை அருகில் தேர்ந்து, அவற்றிற்கிடையே புதியதை நிறுத்துகிறோம். ஒன்று 10.0, மற்றொன்று 10.5, புதியது ஒளி மிக்கதிலிருந்து ஐந்தில் இரு பங்கு தள்ளி நின்றால் அதன் தரம் 10.2. செந்நிற விண்மீனை நெடுநேரம் உற்று நோக்கினால் அது ஒளி மிக்கதாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். எனவே விரைந்து நோக்குதல் வேண்டும்.

1987 பிப்ரவரி 23 அன்று, உலக நேரம் 7 மணி 35 நிமிடத்தில், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிலத்தடிக் கருவிகள் நியூட்ரினோத் துகள்களைப் பதிவு செய்தன. பெரிய மெகல்லன் முகிலில் ஒரு விண்மீனின் உட்கரு இடிந்து வீழ்ந்ததன் அடையாளம் அது. ஏறத்தாழ 9 மணி 20 நிமிடத்தில் நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்னும் ஆர்வலர் தம் தொலைநோக்கியால் அவ்விடத்தை நோக்கினார். புதிய விண்மீன் எதுவும் தென்படவில்லை. 10 மணி 40 நிமிட அளவில் ஆஸ்திரேலியாவில் எடுத்த படத்திலோ அது ஏறத்தாழ ஆறாம் தரத்தில் விளங்கிற்று. துகள்கள் உடனே வெளியேறின. வெடிப்பின் அதிர்ச்சி மேற்பரப்பை எட்டிய பின்னரே ஒளி பிறந்தது. அந்த இடைவெளியை வரையறுக்க, ஜோன்ஸ் கண்ட 'இல்லை' உதவிற்று.

கொல்லங்கோட்டில் தெற்கே நெல்லியாம்பதி மலைகள் நிற்பதால் அம்முகிலைக் காண்பது அரிது. ஆயினும் வடவானம் நமக்கு உண்டு. 2023 மே மாதத்தில் ஜப்பானிய ஆர்வலர் கோய்ச்சி இட்டாகாகி சப்தரிஷிகளின் திசையில் கண்ட சூப்பர்நோவா ஏறத்தாழ 11ஆம் தரத்தை எட்டிற்று. இருண்ட இரவில் ஆறு அங்குலத் தொலைநோக்கிக்கு அது எட்டும். கண்டதைக் குறிப்பது போலவே காணாததையும் நேரத்துடன் குறித்து வைப்போமாக.