யூரோவிஷன் 2017: போர்ச்சுகல்

உக்ரைன் தலைநகர் கீவில் 2017 மே 13 அன்று நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில் போர்ச்சுகல் முதன்முறையாக வென்றது. பாடியவர் சல்வதோர் சொப்ரால். ‘அமார் பெலுஷ் தொய்ஷ்’ என்ற அந்தக் காதல் பாடலை எழுதி இசையமைத்தவர் அவருடைய அக்கா லூயிசா.

1964இல் முதலில் கலந்துகொண்டபோது போர்ச்சுகலுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் எட்டிய உயர்ந்த இடம், 1996இல் பெற்ற ஆறாவது இடம்தான். 2016இல் நாடு போட்டிக்கே வரவில்லை.

பெரும்பாலோர் ஆங்கிலத்தில் பாடிய அந்த ஆண்டில் சல்வதோர் தாய்மொழியிலேயே பாடினார். நடனக்காரர்கள் இல்லை, வாணவேடிக்கை இல்லை. பார்வையாளர் நடுவே இருந்த சிறு மேடையில் தனியாக நின்று, கைவிரல்களை அசைத்தபடி, ஜாஸ் பாடகருக்கே உரிய நெகிழ்வோடு பாடினார். இதய நோயால் அவர் கீவுக்குத் தாமதமாக வந்ததால், தொடக்க ஒத்திகைகளில் லூயிசாவே பாடினார்.

நடுவர்கள் 382, தொலைக்காட்சி நேயர்கள் 376 என இரு தரப்பிலும் முதலிடம். மொத்தம் 758 புள்ளிகள். போட்டி வரலாற்றிலேயே மிக உயர்ந்த எண்ணிக்கை. வெற்றிக்குப் பின் அக்காவும் தம்பியும் சேர்ந்து அதே பாடலைப் பாடினர். அவ்வாண்டு டிசம்பரில் சல்வதோருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 2018 மே மாதம் போட்டியை லிஸ்பன் நடத்தியது.