கார்புரேட்டரும் எரிபொருள் கோளாறுகளும்: ஒரு வரலாறு

கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றுடன் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி. மோட்டார் வாகனங்கள் தோன்றிய காலத்திலிருந்தே ஓட்டுநர்களை நடுவழியில் நிறுத்திய கோளாறுகளில் பல இதிலோ, இதற்குப் பெட்ரோல் வரும் குழாயிலோ ஏற்பட்டவை.

ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886இல் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நம்பி வாங்குவோர் அரிதாகவே இருந்தனர். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே மகன்கள் இருவருடன் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பயணத்தின் வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் அதைக் குத்திச் சரிசெய்தார். எரிபொருளாக லிக்ராயினை வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் வாங்கினார். வண்டி போய்ச் சேர்ந்தது, அதன் மீதான நம்பிக்கையும் வளர்ந்தது.

அன்றைய கார்புரேட்டரில் எரிபொருளின் மேற்பரப்பில் காற்று பட்டு, ஆவியைச் சுமந்து சென்றது. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் தீர்ந்துவிடுவதால் கலவை சீராக அமையவில்லை. 1893இல் ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஸ் சொங்கா ஆகியோரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினர். இதில் மிதவை ஒன்று பெட்ரோல் மட்டத்தைக் காக்கிறது. குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறைந்து, ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோல் தெறித்து வருகிறது. அத்துளையில் தூசி அடைத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது. மிதவையின் ஊசி வால்வு மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்தோடும்.

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் பம்ப் இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்த டாங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழிறங்கியது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் டாங்கைவிட உயர்ந்துவிடும். பெட்ரோல் குறைவாக இருந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் பலர் மேட்டில் ரிவர்சில் ஏறினர். பின்னர் வந்த கார்களில் பம்ப் இக்குறையைத் தீர்த்தது. ஆனால் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் போகும் புதிய சிக்கல் எழுந்தது. ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றி ஆறவிடுவது ஓட்டுநர்கள் கண்ட வழி.

பழைய கார்களைச் சீர்செய்வோர் இன்றும் டாங்கிலிருந்து தொடங்கி டாங்க் மூடியின் காற்றுத்துளை, ஃபில்டர், பம்ப், மிதவை, ஜெட் என வரிசையாகப் பார்க்கின்றனர். சோக்கை இழுத்ததும் எஞ்சின் சீராக ஓடினால் பெட்ரோல் பற்றவில்லை என்று பொருள். கரும்புகையும் கரி படிந்த ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றை மாற்றுவது நல்லது. குழாயைக் கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக்கூடாது.

1967இல் ஃபோக்ஸ்வேகன் கார்களில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் செலுத்தி இடம்பெற்றது. அதன்பின் இம்முறை மெல்ல மெல்லப் பரவி, புதிய கார்களிலிருந்து கார்புரேட்டரை அகற்றியது.