ஓசையை அளந்த அருந்தவர்: யாப்பருங்கலக் காரிகையும் தமிழ்ச் சமணரும்

உலக இன்பங்களைத் துறந்த சமண முனிவர்கள் இசையையும் பாட்டையும் வெறுத்தனர் என்னும் கருத்து நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. புலனடக்கம் அவர்தம் நோன்பு என்பது உண்மையே. எனினும், தமிழ்ச் செய்யுளின் ஓசையை அசை அசையாக அளந்து, எல்லார்க்கும் விளங்கும் வண்ணம் இலக்கணம் வகுத்துத் தந்தவர்களும் அம்முனிவர்களே. அதற்குத் தலையாய சான்று அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலமும், யாப்பருங்கலக் காரிகையுமாகும்.

குணசாகரரின் மாணவராகிய அமிதசாகரர் முதலில் யாப்பருங்கலத்தை இயற்றினார். பின்னர் அதனைச் சுருக்கி, கற்போர் எளிதில் நெஞ்சிற் கொள்ளுமாறு காரிகையைச் செய்தார். உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என்னும் மூன்று இயல்களை உடையது அந்நூல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறும் செய்யுளின் உறுப்புகள். இவற்றுள் தளை ஓசையின் நடையை ஆள்கிறது. தொடை ஓசையின் அழகை ஆள்கிறது.

ஒரு சீர் எவ்வாறு முடிகிறதோ, அதற்கேற்ப அடுத்த சீர் தொடங்க வேண்டும் என்பது தளையின் நெறி. வெண்பாவில் மாச்சீரின் பின் நிரையசை வரும். விளச்சீர், காய்ச்சீர் ஆகியவற்றின் பின் நேரசை வரும். இந்நெறி வழுவாது நிற்பதாலேயே ஒருவர் மற்றொருவரிடம் எடுத்துரைப்பது போன்ற செப்பலோசை வெண்பாவில் பிறக்கிறது. நாலடியாரின் நானூறு அறவுரைகளும் வெண்பாவில் அமைந்தமை இதனாலும் பொருத்தமே.

தொடையில் தமிழ் தனக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டது. பிரெஞ்சு மரபுக் கவிதையில் ஓசை ஒப்புமை அடியின் இறுதியில் நிற்கும். தமிழிலும் இறுதி ஒன்றும் இயைபுத் தொடை உண்டு. ஆயினும் அடியின் தொடக்கத்திற்கே தமிழ் முதன்மை தந்தது. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அங்கும் முதலெழுத்தின் அளவு ஒத்திருத்தல் வேண்டும். 'பட்டு' என்பதற்குக் 'கட்டு' எதுகையாகும்; 'பாட்டு' ஆகாது. முதலெழுத்து ஒன்றுவது மோனை. சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தம்முள் மோனைக்கு இனமானவை. மயிலை சீனி. வேங்கடசாமி தம் நூலுக்குச் 'சமணமும் தமிழும்' என்று பெயரிட்டார். அப்பெயரிலேயே மோனை இயல்பாய் அமைந்திருப்பதைக் காணலாம். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்னும் ஐந்தும் இணை, பொழிப்பு, ஒரூஉ முதலாக எவ்வெட்டு வகைப்பட்டு நாற்பதாகும். அந்தாதி, இரட்டை, செந்தொடை ஆகியவற்றையும் கூட்டத் தொடை 43 எனக் கணக்கிடுவர்.

காரிகையின் சிறப்பு அதன் வடிவிலும் விளங்குகிறது. நூல் முழுவதும் கட்டளைக் கலித்துறையால் ஆனது. அதன் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்தும் பெறும். ஏடு எழுதுவோர் ஓரெழுத்தை விட்டாலும் சேர்த்தாலும் கணக்கு அதனைக் காட்டிவிடும். அச்சு இல்லாத காலத்தில் ஓசையே நூலுக்குக் காவலாக நின்றது. மேலும், எடுத்துக்காட்டுச் செய்யுள்களின் முதற்சொற்களைத் தொகுத்து முதல்நினைப்புக் காரிகைகளும் அமைந்துள்ளன. மாணவர் மறவாதிருத்தற்பொருட்டு எழுந்த இவ்வுத்தியில் நல்லாசிரியரின் பரிவு வெளிப்படுகிறது. யாப்பருங்கலத்தின் விருத்தியுரையோ, காக்கைபாடினியம், அவிநயம் முதலிய மறைந்த நூல்களின் நூற்பாக்களை மேற்கோளாகக் காத்துத் தந்துள்ளது.

இந்நூலைப் போற்றியோர் சமணர் மட்டுமல்லர். மயிலாடுதுறையை அடுத்த நீடூர்ச் சிவன்கோயிலில் முதற்குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அக்கோயிலுக்குத் திருப்பணி செய்த கண்டன் மாதவன் என்னும் தலைவனின் பெருமையைக் கூறுமிடத்து, அவன் குடியில் மூத்தவர் அமிதசாகரரை அழைத்து வந்து காரிகையை இயற்றுவித்ததையும் அது குறிப்பிடுகிறது. அந்நூல் பிறந்த ஊர் காரிகைக் குளத்தூர் என வழங்கிற்று. சமய வாதங்கள் மிகுந்திருந்த நாட்டில், சமண முனிவரின் இலக்கணத்தைப் போற்றியதே தம் குடிக்குப் பெருமை என்று சிவன்கோயிற் கல்லில் பொறித்தமை எண்ணி மகிழத்தக்கது.

புதுச்சேரிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1955இல் தோன்றிய இந்நகரின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், காரிகையைக் குணசாகரர் உரையுடன் உல்ரிக் நிக்லாசின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1993இல் வெளியிட்டது. 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியாரும், இம்மண்ணிற் பிறந்த பாரதிதாசனும் விருத்தத்தைப் பெரிதும் கையாண்டனர். அவ்விருத்தத்தைப் பெருங்காப்பியம் முழுமைக்கும் உரிய வடிவாக்கி வழிகாட்டியவர் சீவக சிந்தாமணி தந்த திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவரேயாவார்.

இன்று நம் இல்லங்களில் நாலடியார் நூல் இருக்கிறது. அதனைச் சீர் பிரித்து ஓசையுடன் ஓதும் பழக்கமோ அருகி வருகிறது. பொருளுரையைக் கண்ணால் படிப்பதோடு நின்றால் அறவுரை ஏட்டளவிலேயே தங்கிவிடும். ஓசையோடு ஓதினால் நெஞ்சில் நிலைக்கும். அந்நோக்கத்துடனேயே முன்னோர் அறத்தைப் பாவில் வைத்தனர். விழா நாட்களில் கூடும் சிறுவர் சிறுமியர்க்கு ஒரு வெண்பாவையேனும் அசை பிரித்துக் கற்பித்தல், அமிதசாகரர்க்கு நாம் செலுத்தும் தக்க நன்றியாகும்.