கவலைப்படுவது ஈமானின் குறைவா?



புதுக்கோட்டை மாவட்டத்தின் நம் கடலோர ஊர்களில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் வீடு நிறைய உறவினர் வருவர். ஆறுதல் சொல்வோர் உண்டு. மனம் தளர்வது ஈமானின் குறைவு என்று கடிந்துகொள்வோரும் உண்டு. இக்கடிந்துரை சரிதானா?

அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் நகரருகே பிறந்து, ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அறிஞர். ஆசிரியரின் மகன், தாமும் ஆசிரியர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல் நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்துக்கு ஒரு பகுதியும் வகுத்தார். உடலை மட்டுமே கவனிக்கும் மருத்துவர்களைக் குறை கூறினார். உள்ளம் நோயுற்றால் உடலும் நோயுறக்கூடும் என்றார்.

உள்ளத்தின் துயர் எவ்வழியே உடலில் இறங்குகிறது என்பது ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே துலங்கத் தொடங்கியது. நோய் எதிர்ப்பாற்றல் மூளையைச் சாராமல் தனித்தே இயங்குகிறது என மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1975இல் அமெரிக்காவில் ராபர்ட் ஏடரும் நிகோலஸ் கோஹனும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தையும் இனிப்பு நீரையும் எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தனர். பின்னர் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்பாற்றல் குறைந்தது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களுக்குச் சிறு காயம் ஆற, மற்றப் பெண்களைவிடச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. 2000இல் கெவின் டிரேஸியின் குழுவினர், மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் எலிகளின் உடலில் அழற்சி தணிவதைக் கண்டனர்.

ஆகவே கவலை வெறும் எண்ணமன்று. நரம்புகளின் வழியாகவும் சுரப்புகளின் வழியாகவும் உடலைத் தொடுவது. மகனைப் பிரிந்த துயரால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதை யூஸுஃப் அத்தியாயம் கூறுகிறது. அதனை ஈமானின் குறைவு என்போமா?

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மருத்துவர் தந்த மருந்து தவறாமல் நடக்கட்டும். நம் நாவு ஆறுதலைத் தரட்டும். இரவெல்லாம் விழித்திருந்து பணிவிடை செய்யும் தாயையோ மருமகளையோ ஒருநாளேனும் உறங்கவிட்டு, அப்பொறுப்பை நாம் ஏற்போம்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.