பண்ணருவாளும் புல்லு வெட்டுற மிஷினும்

ஆலங்குளத்துல எங்க வீட்டைச் சுத்தி முப்பது சென்ட் இடம். ஐப்பசி மழை பேஞ்சா புல்லு முழங்கால் உசரம் வந்துடும். பாம்பு பயம் வேற. எந்த மிஷின் வாங்கலாம்னு கேட்கிறவங்க, அது எதுக்குப் பிறந்ததுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளி மில்லில் துணிமேல் நிக்கிற பிசிறை வெட்டும் உருளைக் கத்தியைப் பார்த்து வந்த யோசனை அது. (மில்லு ஊரான ராஜபாளையத்துப் பக்கம் இருக்கிற நமக்கு இதைக் கேட்க ஒரு சந்தோஷம்தான்.) துணி மாதிரி சமமான தரைக்குத்தான் அது சரிப்படும். வெடிப்பும் கல்லுமா கிடக்கிற நம்ம இடத்துல கத்தி பல்லிளிச்சிடும்.

1971-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன்காரர் ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவுற இடத்தில் சுத்துற பிரஷ்ஷைப் பார்த்துட்டு வந்து, பாப்கார்ன் டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோர்த்துச் சுழலவிட்டார். மரத்தடிப் புல்லை வெட்டத்தான். நம்ம பிரஷ் கட்டர்ல மாட்டுற நைலான் நரம்பு அந்த வழியில வந்தது. வேலி ஓரத்துக்கும் தென்னை மூட்டுக்கும் இதுதான் ஆகும். இளங்கன்னுகிட்ட கொண்டுபோகாதீங்க, பட்டையை உரிச்சிடும். கண்ணாடி போடாமலும் எடுக்காதீங்க. போன வருஷம் தெறிச்ச கல்லு என் புருவத்தைக் கிழிச்சுது, கண்ணு தப்பிச்சது.

மாட்டுக்குன்னா நரம்பு ஆகாது. புல்லு தூளாகி மண்ணோட கலந்துடும், மாடு மோந்து பார்த்துட்டு விலகிடும். அதுக்கு எங்க வீட்டுல இன்னமும் பண்ணருவாள்தான். வீட்டம்மா விடியக்காலம் எடுத்துட்டுப் போனா, ஒரு கட்டு சேர்ந்த பிறகுதான் காப்பி.