நம்பிக்கையும் பரிந்துரையும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதர் ஒருவரையொருவர் நம்புதல் அவர்தம் அகத்தே மட்டும் நிகழ்வதொன்றன்று. கூடித் தொழில் செய்வதும், கொடுப்பதும் கொள்வதுமாகிய நடைமுறையிலிருந்தே அது பிறக்கின்றது. ஆதலின் நம்பிக்கைக்கும் வரலாறுண்டு. அண்மைக் காலத்தில் அந்நம்பிக்கை எண்ணாக மாற்றப்பட்டு, எதை வாங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று கூறும் கணினிப் பரிந்துரை முறைமைகளின் ஓர் உறுப்பாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, எவருக்குப் பயன்பட்டது என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1992இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்டோ ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த டேவிட் கோல்ட்பேர்க் முதலானோர் 'டப்பெஸ்றி' என்னும் முறைமையை விவரித்தனர். 'கூட்டு வடிகட்டல்' என்னும் கருத்து அவர்களாலேயே பெயர் பெற்றது. குவிந்து கிடக்கும் மடல்களுள் இன்னார் மறுமொழி எழுதியவற்றை மட்டும் தருக என அம்முறைமையிடம் கேட்கலாம். கேட்பவர் அந்த 'இன்னாரை' அறிந்திருத்தல் வேண்டும். எனவே, ஒரே பணிக்களத்தில் ஏற்கெனவே நிலவிய அறிமுகமே அதன் அடித்தளமாயிருந்தது எனலாம்.

1994இல் யூஸ்நெற் செய்திகளுக்கென வெளிவந்த 'குறூப்லென்ஸ்' இந்நிலையை மாற்றியது. ஒரே செய்திகளுக்கு இருவர் இட்ட மதிப்பீடுகள் எந்த அளவுக்கு ஒத்துள்ளன என்பதைக் கணினியே கணித்தது. அறிமுகம் தேவையற்றதாயிற்று. இதனால் முறைமை முன்பின் அறியாத பெருந்தொகையினருக்கு விரிவடைய முடிந்தது. ஆயினும் அவ்விரிவிலேயே அதன் முரண்பாடும் அடங்கியிருந்தது. பொருள்கள் பெருகப் பெருக, இருவர் ஒரே பொருளை மதிப்பிடும் வாய்ப்பு அருகியது. புதிதாக வந்தவருக்கு ஒப்பிடுவதற்கே எதுவும் இல்லை. அன்றியும், ஒருவரது மதிப்பீடுகளைப் பார்த்தெழுதி அவருக்கு 'ஒத்தவராக' வேடமிடுதல் எவர்க்கும் எளிதாயிற்று.

இக்கட்டத்திலேயே, நீக்கப்பட்ட அறிமுகம் புதிய வடிவில் மீண்டும் வருகின்றது. 1999இல் தோன்றிய 'எப்பீனியன்ஸ்' என்னும் இணையத்தளத்தில் நுகர்வோர் பொருள்களைப் பற்றி விமர்சனம் எழுதினர். எழுதியோருள் தாம் நம்புவோர் இன்னார் என்றும் பதிவு செய்தனர். இத்தாலிய ஆய்வாளரான பாவ்லோ மாஸ்ஸா, பாவ்லோ அவெசானி ஆகியோர் அத்தளத்திலிருந்து திரட்டிய தரவு மனங்கொள்ளத்தக்கது. 49,290 பயனர், 139,738 பொருள்கள், 664,824 மதிப்பீடுகள், 487,181 நம்பிக்கைக் கூற்றுக்கள். இருக்கக்கூடிய மதிப்பீடுகளுள் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒன்றே இடப்பட்டிருந்தது. பயனருள் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்துக்குக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தனர்.

அவர்கள் கையாண்ட வழி எளியது. முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும் நம்பின், முதலாமவர்க்கு மூன்றாமவரிடத்தும் ஓரளவு நம்பிக்கை உண்டெனக் கொள்ளலாம். நான்கு படிகள் வரை செல்வதாயின் படிதோறும் அதன் அளவு 1, 0.75, 0.5, 0.25 எனக் குறையும். ஒப்புமைக்குப் பதிலாக இவ்வளவையே நிறையாகக் கொண்டு பரிந்துரை கணிக்கப்பட்டது. இதனாற் பெரிதும் பயன்பெற்றோர் புதியவரே. பிறர் மதிப்பீடுகளைப் பார்த்தெழுதியவரும் எவராவது நம்பினாலன்றி உள்ளே நுழைய முடியவில்லை.

இலக்கிய மாணவராகிய நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி பிறிதொன்று. ஜெனிபர் கோல்பெக் திரைப்படங்களை வைத்து அமைத்த 'பிலிம்றஸ்ற்' ஆய்வில், ஒருவரது கருத்து பொதுச் சராசரியினின்றும் விலகும்போதே நம்பிக்கைவழிக் கணிப்புச் சிறந்து விளங்கியது. 'சராசரி வாசகன்' என எவனும் இல்லை. முரண்படும் சுவைகளும் அவற்றைத் தாங்கும் குழுக்களுமே உண்டு. சராசரி அம்முரண்பாட்டை மறைக்கின்றது. ஆனால், தான் நம்புவோரை மட்டும் கேட்பவன் தன் குழுவின் எதிரொலியையே கேட்க நேரும் என்பதனையும் மாஸ்ஸாவும் அவெசானியும் எச்சரித்தனர்.

இவ்வுறவுகள் எவருடைய உடைமை என்பதே இறுதி வினாவாகும். மனிதரிடையேயான உறவு பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றங் கொள்வதை மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில் விளக்கினார். இங்கோ, மனிதரிடையேயான நம்பிக்கையே விற்பனைக்குரிய உடைமையின் ஒரு கூறாயிற்று. 'எப்பீனியன்ஸ்' தன் தாய் நிறுவனத்துடன் 2005இல் ஈபேயின் கைக்கு மாறியது. 2014இல் அதன் நம்பிக்கை வலை மூடப்பட்டது. அதனை ஆண்டுக்கணக்கில் நெய்தவர்க்கு அம்முடிவில் உரிமை இருக்கவில்லை. அவர்களது உறவு கலைந்த பின்னரும், அதன் எண்கள் ஆய்வாளரிடையே தரவாக வழங்கின.

நம்பிக்கை பரிந்துரையைச் செம்மை செய்யும் என்பது நிறுவப்பட்ட உண்மை. அந்நம்பிக்கையைப் படைப்போர் அதன்மீது உரிமை பெறுவது எவ்வாறு என்பது கணிதத்தால் மட்டும் தீர்க்கப்படக்கூடியதன்று. அது சமூகத்தின் முன்னுள்ள வினா.