ஆழச்சட்டம்

படத்துக்குப் பதிலாகக் கனமும் பருமனும் உள்ள பொருளை உள்ளே நிறுத்தி, முன்னால் கண்ணாடியிட்டுச் சுவரில் மாட்டும் பெட்டி வடிவச் சட்டமே ஆழச்சட்டம். பதக்கம், சிறு வெண்கலச் சிலை, பழைய பூட்டு, ஆடை என எதையும் இதில் வைக்கலாம். கோவை–திருச்சி சாலையில் பல்லடத்தை அடுத்த பொங்கலூர் வட்டாரம் விசைத்தறியும் பின்னலாடையும் கலந்த பகுதி. ஓய்வு பெற்ற தறியில் ஊடிழையைக் கொண்டு ஓடிய நாடாவும் பனியன் துணியும் இங்கே சட்டத்துக்குள் போகத் தகுந்த பொருள்கள். இரண்டையும் ஒரே முறையில் பொருத்த முடியாது.

பொருளைப் பின்பலகையில் பசையால் ஒட்டிவிடுவதே எளிய வழி. மிக மோசமான வழியும் அதுதான். இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. ஆந்திரத்தின் அமராவதி தூபியிலிருந்து கொண்டுவரப்பட்ட சுண்ணாம்புக்கல் சிற்பப் பலகைகள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் சுவரில் சிமெண்ட் வைத்துப் பதிக்கப்பட்டன. சுவரின் ஈரம் உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் கொண்டுசெல்லும். ஈரம் காயும்போது அந்த உப்பு மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி, செதுக்கிய முகத்தைச் செதில் செதிலாக உரித்துத் தள்ளும். சிமெண்ட் அந்தக் கல்லைவிட இறுக்கமானது என்பதால், பிரித்தெடுக்க முயன்றாலும் முதலில் உடைவது சிற்பமாகவே இருக்கும். 1859இல் லண்டன் போய்ச் சேர்ந்த அமராவதிப் பலகைகளும் ஈரத்துக்குத் தப்பவில்லை. 1992இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவற்றுக்காகத் தட்பவெப்பம் கட்டுப்படுத்திய தனிக்கூடம் திறந்தது. எந்தப் பொருத்துதலையும், பொருளுக்குக் கீறல் விழாமல் என்றைக்கும் கழற்ற முடிய வேண்டும் என்று காப்பாளர்கள் வற்புறுத்துவது இத்தகைய இழப்புகளைக் கண்டதால்தான்.

கழற்றக்கூடிய முறையில் எடை முழுவதையும் அடியிலிருந்து தாங்க வேண்டும். மேலே உள்ள பிடிப்பு பொருள் முன்னால் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். விசைத்தறி நாடாவையே எடுத்துக்கொள்வோம். கெட்டி மரம், இரு முனையிலும் இரும்புக் கூர். நடுவே நூல் சுற்றிய தார் உட்காரும் குழி இருப்பதால் எடை முனைகளை நோக்கி ஒதுங்கியிருக்கும். ஆகவே நடுவில் ஒரே ஆணியில் தொங்கவிடாமல், குழியின் இருபுறமும் மரம் கெட்டியாக உள்ள இடத்தில் அடியில் இரண்டு பித்தளைக் கொக்கிகள் வைக்க வேண்டும். கொக்கியின் கால் பின்பலகையைத் துளைத்துப் பின்னால் நட்டு போட்டு முறுக்கப்பட வேண்டும். பலகைக்குள் திருகிய குட்டை ஸ்க்ரூ நாளடைவில் தளரும். உலோகம் மரத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய பாலித்தீன் நுரை உறை போடலாம். ரப்பர் உறை கூடாது: சட்டத்துக்குள் வெள்ளிப் பொருள் இருந்தால் அதிலுள்ள கந்தகம் அதைக் கறுக்க வைக்கும், நாள்பட்டால் ரப்பரே பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது நைலான், சுமை தொங்கத் தொங்க நீண்டுகொண்டே போகும்.

பின்னலாடையின் சிக்கல் வேறு. நெய்த துணியில் இழைகள் குறுக்கும் நெடுக்கும் பிடித்து நிற்கும். பின்னல் துணி கண்ணிகளால் ஆனது, தன் எடையிலேயே இறங்கும். மணிவேலை செய்த பனியனைத் தோளில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் சில ஆண்டுகளில் கழுத்து நீண்டு உருக்குலையும். பருத்தித் துணி போர்த்திய பலகையில் ஆடையைக் கிடத்தி, பரவலாகச் சிறு தையல் போட்டு, சட்டத்தைச் சற்றுச் சாய்வாக வைப்பதே நல்லது.

கண்ணாடி எந்தப் பொருளையும் தொடக்கூடாது. புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் கொண்டு மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கரேக்கு ஒட்டும் தஞ்சாவூர் ஓவியம், படம் என்று பெயர் பெற்றாலும் பாதி சிற்பம்தான். அதற்குச் சட்டமிடும்போது விளிம்பைச் சுற்றி உள்ரீப்பர் வைத்துக் கண்ணாடியை விலக்கி நிறுத்த வேண்டும். பிளைவுட்டிலிருந்து வெளிவரும் அமில ஆவி ஈயத்தையும் சங்கையும் அரிக்கும் என்பதால், அப்பொருள்கள் உள்ள சட்டத்தின் உட்புறத்தை அலுமினியத் தாளால் மூடுவதும் உண்டு.

சட்டம் கீழே விழுவது பெரும்பாலும் கம்பியால். 10 கிலோ சட்டத்தை ஒரே ஆணியில் மாட்டும்போது, கம்பியின் இரு கைகளும் கிடைமட்டத்துக்கு 60 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 கிலோ இழுவிசை. 10 டிகிரிதான் சாய்வு என்றால் அது 29 கிலோவாகிவிடும். கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுவது பாதுகாப்பு என்ற எண்ணம் இதனால்தான் ஆபத்தானது. கனமான சட்டத்துக்குக் கம்பியே வேண்டாம். ஒரு மரப்பட்டையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாக அறுத்து, ஒன்றைச் சுவரிலும் மற்றதைச் சட்டத்தின் முதுகிலும் அறைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்வவிட்டால் எடை நீளம் முழுவதும் பரவும்.

சுவரையும் பார்க்க வேண்டும். செங்கல் சுவரில் பூச்சைத் தாண்டி உள்ளே போகும் நீள ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். கொங்குப் பகுதியில் கொட்டகைகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஹாலோ பிளாக் சுவரிலோ, ஸ்க்ரூ முனை வெற்றிடத்தில் போய் நின்றுவிடும். அங்கே மரப்பட்டையைத் தூணிலிருந்து தூணுக்கு நீட்டி, கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும். தூண் எட்டாத இடத்தில் சட்டத்தின் கீழ்விளிம்புக்கு, தரையிலிருந்து எழும்பும் தாங்கு கால் ஒன்று கொடுக்க வேண்டியிருக்கும்.